ஓடு மாறினால் வீடு மாறுமா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வீடுகள் விற்பனைக்குக் கிடைக்கும். முழுசாக அல்ல, உதிரியாக. பர்மாத் தேக்குத் தூண், பித்தளைக் குமிழ் பதித்த கதவு, கஜலட்சுமி செதுக்கிய நிலை, ஜன்னல் கம்பி, பீங்கான் சாடி, எனாமல் தட்டு என்று கடைக்குக் கடை குவிந்து கிடக்கும். செட்டிநாட்டின் பெரிய வீடுகள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940கள் வரையில் எழுந்தவை. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொண்டுவிற்று, வட்டிக்கு விட்டுச் சேர்த்த பணம் அது. இரண்டாம் உலகப் போரோடு பர்மா கைவிட்டுப் போனது, வரும்படி நின்றது, பங்காளிகள் பெருகினார்கள். ஒட்டடை அடிக்கக்கூட ஆள் இல்லாமல் போன வீடுகளில் சில பிரித்து விற்கப்பட்டன.

தூண் ஓர் ஓட்டலின் வரவேற்பறைக்குப் போகிறது. கதவு, மேலே கண்ணாடி போட்ட சாப்பாட்டு மேஜையாக ஏதோ ஒரு நகரத்து அடுக்குமாடிக்குப் போகிறது. ஊரில் மனை மட்டும் மிஞ்சுகிறது. இல்லாவிட்டால் ஒரு பங்காளி வைராக்கியமாக நின்று, தூண் போன இடத்தில் கான்கிரீட் தூண் எழுப்பி, நிலை போன இடத்தில் இரும்பு கேட் போட்டு, அதே விலாசத்தில் அதே குலதெய்வப் படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டு குடியிருக்கிறார். இப்போது அந்த வீடு எங்கே இருக்கிறது? ஓட்டலிலா, ஊரிலா?

வேலையற்ற கேள்வி என்று தள்ளிவிட முடியாது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் தென்மாநிலங்களின் பழைய வீடுகள் பிரித்துக் கொண்டுவரப்பட்டு மறுபடி நிறுத்தப்பட்டிருக்கின்றன. அங்கே செட்டிநாட்டு வணிகர் வீடு ஒன்றும் உண்டு. மரம் பழையது, முற்றம் முற்றம் போலவே இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அங்கே யாரும் சமைப்பதில்லை, யாருக்கும் திதி கொடுப்பதில்லை. அது அந்த வீடுதானா, அந்த வீட்டின் உடல் மட்டும்தானா?

கிரேக்கர்கள் இதைக் கப்பலை வைத்துக் கேட்டார்கள். தீசியஸ் என்ற வீரன் ஏறி வந்த கப்பலை ஏதென்ஸ் மக்கள் பாதுகாத்து வந்தார்கள். உளுத்த பலகையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதுப் பலகை வைத்தார்கள். எல்லாப் பலகையும் மாறிய பிறகு அது அதே கப்பலா என்று தத்துவக்காரர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடியதை புளூட்டார்க் எழுதியிருக்கிறார். ஆங்கிலேயரான தாமஸ் ஹாப்ஸ் 1655-இல் வெளியிட்ட நூலில் அதில் இன்னொரு முடிச்சுப் போட்டார்: கழற்றிப் போட்ட பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அதே வரிசையில் பூட்டி இன்னொரு கப்பல் கட்டினால் இரண்டில் எது தீசியஸின் கப்பல்? ஹாப்ஸ் கற்பனையாகத்தான் சொன்னார். காரைக்குடியில் அதற்குக் கடைத்தெருவே இருக்கிறது.

நம் பக்கத்திலும் கேள்வி புதிதல்ல. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கே ஆண்ட மினாண்டர் என்ற கிரேக்க அரசனை மிலிந்தன் என்று பாலி நூல் அழைக்கிறது. நாகசேனர் என்ற பௌத்தத் துறவி அவனிடம், நடந்து வந்தீரா வாகனத்தில் வந்தீரா என்று விசாரிக்கிறார். தேரில் வந்தேன் என்கிறான். அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகம் தேரா? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்த அரசன், தேர் என்பது உறுப்புகள் கூடியிருப்பதற்கு இட்ட பெயர் மட்டுமே என்ற இடத்தில் மாட்டிக்கொள்கிறான். பௌத்தர் கண்ணில் வீடும் அப்படித்தான். செங்கல்லும் மரமும் சுண்ணாம்பும் உண்டு; வீடு என்ற தனிப்பொருள் கிடையாது.

நியாய வைசேடிகத் தத்துவ மரபினர் இதை ஒப்பவில்லை. உறுப்புகளுக்கு அப்பால் முழுமை என்ற ஒன்று உண்மையாகவே உண்டு என்றார்கள். அதற்கு அவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று ரசமானது: ஒரு பொருளின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தால் முழுப் பொருளும் கூடவே வருகிறதே, வெறும் குவியலாக இருந்தால் வருமா? பழைய வீட்டில் ஒரு உத்திரத்தை அஜாக்கிரதையாக உருவிப் பார்த்தவர்களுக்கு இந்த வாதம் உடனே புரியும். ஆனால் இதே நியாயக்காரர்கள் இன்னொரு படி போய், ஓர் உறுப்பு நீங்கினால் பழைய முழுமை அழிந்து புதிய முழுமை பிறக்கிறது என்றும் சொன்னார்கள். ஒரு நூலை உருவினால் அது வேறு துணி. ஒரு ஓட்டை மாற்றினால் அது வேறு கூரை. இந்தக் கணக்குப்படி ஐப்பசி மழைக்கு முன் ஏணி வைத்து ஏறி நாட்டு ஓடு மாற்றுகிற குடும்பம் ஆண்டுதோறும் புதுமனை புகுகிறது.

மூன்றாவதாக ஒரு கட்சி உண்டு. தோன்றுவதும் அழிவதும் நிலைப்பதும் ஆகிய மூன்றும் சேர்ந்ததே பொருள் என்று சமணரின் தத்துவார்த்த சூத்திரம் வகுத்தது. பொருள் நிற்கிறது, அதன் நிலைகள் வந்து போகின்றன. சாதாரணக் குடும்பஸ்தர் எந்த நூலையும் படிக்காமலே இந்தக் கட்சியில்தான் இருக்கிறார். தாத்தா கட்டிய வீடு, அப்பா மாடி எடுத்தார், நான் டைல்ஸ் போட்டேன் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார். எத்தனை நிலை மாறினாலும் வீடு நிற்கும் என்பது அவர் நம்பிக்கை. எந்த அளவுக்கு மாறலாம் என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார்.

அந்த யோசனை வீட்டுக்காரர் தானே உளியைக் கையில் எடுக்கும்போதுதான் கூர்மையாகிறது. காண்டிராக்டரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவருக்கு வேலை முடிந்தபின் ஒரு வீடு தெரியும், அவ்வளவுதான். கையால் செய்கிறவருக்கு ஒவ்வொரு சாணிலும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டியிருக்கிறது: இது போகலாம், இது இருக்கட்டும்.

கும்பகோணம் பக்கத்து அக்ரஹார வீடு ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளலாம். கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறியிருக்கிறது. காரை உப்பி, பொரிந்து, தொட்டால் மாவாக உதிர்கிறது. கடையில் கேட்டால் ஒரு மூட்டை சிமெண்ட்டும் அதில் கலக்க ஒரு டப்பா வாட்டர்புரூஃபும் கொடுத்து அனுப்புவார்கள். பூசியதும் சுவர் பளிச்சென்று இருக்கும். இரண்டு மழைக்காலம் போனால் ஓதம் இடுப்பைத் தாண்டித் தோளுக்கு ஏறியிருக்கும்.

காரணம் எளிது. அந்தக் காலத்துச் சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் பட்டை கிடையாது. மண்ணிலிருந்து ஏறுகிற ஈரம் சுண்ணாம்புக் காரை வழியாகக் கசிந்து காற்றில் உலர்ந்துபோகும். ஏறுவதும் உலர்வதுமாகச் சுவர் ஒரு கணக்கில் இருக்கும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் வெளியேற இடம் தேடி மேலே போகிறது. அதில் கரைந்திருந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே உடைத்துக்கொண்டு வருகிறது. பிறகு அந்தச் சிமெண்ட்டைப் பெயர்த்தால் செங்கல்லும் சேர்ந்து பெயர்கிறது. நூறு வருஷம் நின்ற சுவரை அதைவிட வலுவான பொருள்தான் கெடுத்தது.

சுண்ணாம்பு வழி பொறுமை கேட்கும். கெட்ட காரையை, அது தாண்டியும் ஒரு முழம் வரை, கொத்தி எடுக்க வேண்டும். செங்கல் இடுக்குகளில் தளர்ந்த பழைய சாந்தைச் சுரண்டி, தென்னை விளக்குமாற்றால் தூசு தட்டி, தண்ணீர் தெளிக்க வேண்டும். தெளித்த தண்ணீரைச் செங்கல் குடித்து முடித்தபின், மினுமினுப்பு அடங்கி வெறும் ஈர நிறம் மட்டும் நிற்கும் தருணத்தில் முதல் பூச்சு. விரல் கனத்துக்கு மேல் ஒரே தடவையில் அப்பினால் வெடிக்கும். வெயில் படாமல் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, அது இறுகியபின் கரண்டி முனையால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டு அடுத்த பூச்சு. பழைய கொத்தனார்கள் கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் சாந்தில் சேர்த்தார்கள். செட்டிநாட்டில் கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்து, கல்லால் தேய்த்துக் கண்ணாடி ஆக்கினார்கள்.

இதில் நடப்பது வேதியியல்தான், ஆனால் விசித்திரமான வேதியியல். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ ஏறக்குறைய 900 டிகிரியில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. நீற்றிய சுண்ணாம்பு சுவரில் ஏறியபின் காற்றிலிருந்து அதே வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. மேற்பரப்பு சில வாரங்களில், உள்பக்கம் பல மாதங்களில். சிமெண்ட்டுக்கு இந்தப் பொறுமை கிடையாது. 1824-இல் இங்கிலாந்தில் போர்ட்லண்டு சிமெண்ட்டுக்குக் காப்புரிமை வாங்கியவர் ஜோசப் ஆஸ்ப்டின். இந்தியாவில் முதல் சிமெண்ட் முயற்சி 1904-இல் சென்னையில் நடந்தது. அதற்கும் முந்தைய வீட்டுச் சுவருக்கு சிமெண்ட் என்பது பின்னால் வந்த பாஷை.

பழைய கட்டடங்களைப் பேணுகிறவர்கள் உலகெங்கும் ஒத்துக்கொள்ளும் ஒரு விதி உண்டு: புதிதாக வைக்கும் சாந்து பழைய செங்கல்லைவிட மெலிந்ததாக இருக்க வேண்டும். ஈரமும் வெயிலும் நில அசைவும் ஏதாவது ஒன்றைத் தின்றே தீரும். தின்னட்டும், சாந்தைத் தின்னட்டும். சாந்தை அடுத்த தலைமுறை மாற்றிக்கொள்ளும், செங்கல்லை மாற்ற முடியாது. ஒட்டு, ஒட்டப்பட்டதற்கு முன்னால் அழிய வேண்டும். கட்டடப் பொறியியல் பாடத்தில் ஒரு வரியாக வருகிற இந்த விதி, தீசியஸ் கப்பலைப் பற்றிய வாதங்கள் தொடாத ஒன்றைத் தொடுகிறது. மாற்றிய பிறகு அதே பொருளா என்று தத்துவக்காரர்கள் கேட்டார்கள். மாற்றுகிறவன் தன் பங்கை எந்த இடத்தில் வைத்துக்கொள்கிறான் என்று இந்த விதி கேட்கிறது.

மாறியபின் அதுதானா என்ற பழைய கேள்விக்குக் கோயில்கள் முறையான விடை வைத்திருக்கின்றன. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்வார்கள். மூலவரின் சக்தியைக் கும்பத்திலோ அத்திப் பலகையிலோ எழுந்தருளச் செய்து, வேறிடத்தில் வைத்துப் பூஜை நடக்கும். கருவறை அதுவரை வெறும் கட்டடம். கொத்தனார் உள்ளே போகலாம், சுரண்டலாம், அடைக்கலாம். வேலை முடிந்ததும் கும்பாபிஷேகத்தில் சக்தி திரும்புகிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இப்படி நடப்பது வழக்கம். குடியிருப்பவரையும் குடியிருப்பையும் பிரித்து வைத்ததால் கேள்வி பாதி தீர்ந்துவிடுகிறது: கல் மாறினாலும் கோயில் மாறவில்லை, ஏனென்றால் கோயில் என்பது கல் அல்ல.

அதற்காகக் கல்லை எப்படியும் ஆக்கலாம் என்று சிற்ப நூல் விடவில்லை. மயமதத்தில் புதுப்பிக்கும் பணிக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. அங்கங்கள் அடையாளம் தெரிகிற நிலையில் உள்ள ஆலயத்தை அதன் சொந்தப் பொருளாலேயே செப்பனிட வேண்டும், பழைய நீள அகல உயரம் மாறக் கூடாது, இல்லாததைச் சேர்க்கக் கூடாது, விஷயம் தெரிந்தவரைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்கிறது. இந்தியப் பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு 2004-இல் வெளியிட்ட சாசனம் இந்தப் பகுதியை எடுத்துக் காட்டியிருக்கிறது. கோயிலுக்குச் சொன்னதுதான், வீட்டுக்கு அல்ல. ஆனாலும் வாஸ்து சரியில்லை என்று நன்றாக நிற்கும் பழைய வீட்டின் சமையலறைச் சுவரை இடிக்கச் சொல்கிறவர்கள் அந்த அத்தியாயத்தையும் ஒருமுறை புரட்டியிருக்கலாம். அந்த வீடுகளில் சுவர்தான் பாரம் தாங்குகிறது. ஈசானியம் சரியானது, கூரை இறங்கிவிட்டது என்றால் எந்தத் தெய்வம் பொறுப்பு?

தெய்வத்தையும் கட்டடத்தையும் சேர்த்துக் குழப்புகிற இன்னொரு சங்கடம் அரசங்கன்று. காக்கையோ குயிலோ எச்சமிட்ட இடத்தில், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலோ தண்ணீர்த் தூம்புக்குப் பக்கத்திலோ, இரண்டு இலையோடு எட்டிப் பார்க்கும். அரச மரத்தை வெட்டுவது பாவம். விட்டால் வேர் சுண்ணாம்பு இடுக்கில் நூலாக நுழைந்து, தடித்து, சுவரைப் பிளக்கும். பலர் நடுவழியாக மேலே மட்டும் கிள்ளிவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் முன்னைவிடத் தடிப்பாகத் துளிர்க்கும். சிலர் கன்றை வேரோடு எடுத்து ஆற்றங்கரையிலோ கோயில் வெளியிலோ நடுகிறார்கள். இதைத் தாமதிக்காமல், விரலால் பிடுங்க முடிகிற வயதிலேயே செய்ய வேண்டும். பிறகு சுவரைப் பெயர்க்காமல் முடியாது. தயக்கமுள்ள பக்தருக்குச் சைவத்திலேயே சான்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர் சிலைகளில் கையில் உழவாரப் படையோடுதான் நிற்கிறார். கோயில் மதிலிலும் வெளியிலும் மண்டிய புல்பூண்டைத் தம் கையால் செதுக்கியவர் அவர். பாடல் ஒரு தொண்டு, களை எடுப்பது இன்னொரு தொண்டு. ஒன்று மேல் ஒன்று கீழ் என்று அவர் வைக்கவில்லை. இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் உழவாரப் பணிக்குக் கிளம்பும் அன்பர் குழுக்கள் உண்டு.

பெரியபுராணத்தில் இதற்கு நேர் எதிர்க்கோடியும் இருக்கிறது. திருநின்றவூர்ப் பூசலாருக்குக் கோயில் கட்டப் பணமில்லை. கல், மரம், தச்சர், நாள் நட்சத்திரம் எல்லாவற்றையும் மனத்திலேயே சேர்த்து மனத்திலேயே கட்டினார். காஞ்சியில் கற்கோயில் எடுத்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் வந்து, அன்று பூசலார் கோயிலுக்குப் போவதாகவும், குடமுழுக்கை வேறு நாளில் வைத்துக்கொள்ளும்படியும் சொன்னாராம். ஒரு செங்கல்கூட இல்லாத கோயில், ஆனால் கோயில். பூசலார் ஒரு கோடி என்றால் பழைய நிலையை வாங்கி ஹாலில் மாட்டிக்கொள்கிறவர் மறுகோடி: அவரிடம் பொருள் மட்டும் இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் உண்டு. ஜப்பானில் ஈசே என்ற இடத்துப் பெருங்கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை முழுக்கப் புதிதாகக் கட்டுகிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மனை. ஒன்றில் கோயில் இருக்கும்போதே மற்றதில் புதுசு எழும். 690-இல் தொடங்கிய வழக்கம். போர்க்காலத்தில் நூறாண்டுக்கு மேல் ஒருமுறை நின்றுபோய், மறுபடி தொடர்ந்து, 2013-இல் 62-ஆவது முறை முடிந்தது. பழைய மரத்தை எரிப்பதில்லை. முகட்டைத் தாங்கிய தூண்கள் ஊஜி பாலத்தின் தோரண வாயிலாகின்றன, மற்ற மரங்கள் வேறு கோயில்களுக்குப் போகின்றன. மரம் எதுவும் பழசில்லை. ஆனாலும் ஜப்பானியருக்கு அது மிகப் பழைய கோயில். இருபதாண்டு இடைவெளி என்பது ஒரு தச்சர் இளைஞராக வேலை கற்று, நடுவயதில் செய்து, முதுமையில் சொல்லிக்கொடுக்கப் போதுமான காலம். அங்கே பாதுகாக்கப்படுவது கைப்பழக்கம்.

இங்கே இழந்துகொண்டிருப்பது அதைத்தான். கருங்காலி நிலையும் தேக்கு உத்திரமும் விலைக்குக் கிடைக்கின்றன. சுண்ணாம்புச் சாந்தின் பதம் தெரிந்த கை அருகிவருகிறது. நாடு முழுக்க அங்கங்கே நடக்கும் சுண்ணாம்புப் பயிற்சி முகாம்களில் கட்டடக்கலை மாணவர்களும் மென்பொருள் வேலைக்காரர்களும் முழங்கை வரை வெள்ளையாக நிற்பது நல்ல காட்சிதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்த வேலை செய்த கொத்தனாரின் பிள்ளை அங்கே பாடம் சொல்ல அழைக்கப்படுகிறாரா என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் தன் கையால் செய்வது பெருமையாகிவிட்ட காலத்தில், சொந்தமில்லாத வீட்டைக் காலமெல்லாம் கையால் செய்தவர்களின் பெயர் எந்தப் பட்டயத்திலும் இல்லை.

பழைய கட்டடத்தை எந்த அளவுக்குப் புதுப்பிக்கலாம் என்ற சண்டை ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உச்சத்துக்குப் போனது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியொலே-லெ-டுயூக், ஒரு கட்டடத்தை, ஒருவேளை அது எக்காலத்திலுமே இருந்திராத முழுமைக்குக் கொண்டுவருவதே புதுப்பித்தல் என்றார். ஜான் ரஸ்கின் 1849-இல் எழுதிய நூலில் புதுப்பித்தல் என்பதே பொய் என்று வெடித்தார். அவர் சொன்ன காரணம் சிந்திக்கத் தக்கது: பழைய கட்டடம் இன்றிருப்பவரின் சொத்து அல்ல, ஒரு பங்கு கட்டியவர்களுடையது, ஒரு பங்கு இனி வரப்போகிறவர்களுடையது. அவர் வழியில் வில்லியம் மோரிஸ் 1877-இல் சங்கமே அமைத்து, பெரிய புதுப்பிப்பு வேண்டாம், அன்றாடப் பராமரிப்புப் போதும் என்று பிரசாரம் செய்தார். ஒழுகும் இடத்தில் ஓடு மாற்று, தூம்பைத் தூர்வாரு, அத்தோடு நிறுத்து.

ரஸ்கின் சொன்னது இந்து வீட்டுக்கு அந்நியமாகப் படாது. தேவர், ரிஷிகள், முன்னோர் என்று பிறக்கும்போதே மூன்று கடனோடு பிறக்கிறான் மனிதன் என்று வேத மரபு சொல்கிறது. பாட்டன் கட்டிய வீட்டைக் காப்பது பிதிர்க்கடனில் சேர்த்தி என்று சொல்லிவிடலாம். ஆனால் பத்திரம் முடித்து வேறொருவரின் பூர்வீக வீட்டை வாங்கியவருக்கு? அந்தச் சுவரில் மாட்டியிருந்த படங்களில் இருந்தவர்கள் அவருக்கு யாரும் இல்லை. அவருக்கும் கடன் உண்டு என்றே சொல்ல வேண்டும். மண் குழைத்தவருக்கும், அறுத்து இழைத்தவருக்கும், நாளை அந்த வீட்டை இவரிடமிருந்து வாங்கப்போகிற முகம் தெரியாதவருக்கும்.

பழசு என்பதாலேயே எல்லாம் காக்கத் தக்கதும் அல்ல. கொல்லைப்புறத்தில் மாதவிலக்குக்கு என்று ஒதுக்கிய சன்னல் இல்லாத அறை, மலம் அள்ள வருகிறவர் வீட்டைத் தொடாமல் வந்துபோகப் பின்சந்து, இன்னார் திண்ணையோடு நிற்க வேண்டும் என்று சொல்லாமல் சொல்லும் வாசல் உயரம்: இவையும் அசல்தான். அந்த அறைக்குச் சன்னல் உடைத்துப் படிப்பறை ஆக்குவதற்கு மயமதத்திடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சில வீடுகள் மாறினால்தான் அவற்றில் மனிதர் குடியிருக்க முடியும்.

வீடு உறுப்புகளுக்கு இட்ட பெயர்தானா என்ற கேள்விக்குத் திரும்பலாம். அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1845-இல் வால்டன் குளக்கரையில் தன் கையால் வீடு கட்டினார் என்பது உலகறிந்த கதை. பலரும் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. ரயில்பாதை வேலைக்கு வந்த ஜேம்ஸ் காலின்ஸ் என்ற ஐரிஷ் தொழிலாளியின் குடிசையை 4 டாலர் 25 சென்டுக்கு வாங்கி, ஆணி பிடுங்கிப் பிரித்து, பலகைகளைப் புல்லில் வெயில்காயப் போட்டுத்தான் அவர் கட்டினார். மொத்தச் செலவு 28 டாலர் சொச்சம். இரண்டு வருஷம் கழித்து அவர் போனபின் அந்த வீடும் வேறிடத்துக்கு நகர்த்தப்பட்டு, தானியக் கிடங்காக இருந்து, 1868-இல் பலகை பலகையாகப் பிரிக்கப்பட்டது. இடையில் இரண்டு வருஷம் அது தோரோவின் வீடாக இருந்தது. பௌத்தர் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனால் பெயர்தான் என்று சொல்லிவிட்டு ஒருவர் தன் பழைய வீட்டில் கை வைத்துவிட முடியாது. எதை மாற்றலாம் என்பதற்கு உறுப்புகளை எண்ணிப் பார்க்கும் தத்துவம் உதவவில்லை. அடுத்தவர் திருப்பிக்கொள்ள முடியுமா என்ற கேள்விதான் உதவுகிறது. கரையான் அரித்த நிலைக்கால் என்றால், முழு நிலையையும் பிடுங்காமல், கெட்ட அடிப்பகுதியை மட்டும் சாய்வாக அறுத்து, அதே சாதி மரத்தில் புதுத்துண்டு சீவி, முளை அடித்துப் பூட்டலாம். ஒட்டு தெரியும், தெரியட்டும். நாளை அதைவிட நன்றாகச் செய்யத் தெரிந்தவர் வந்து முளையைத் தட்டிக் கழற்றலாம். எபாக்சி ஊற்றி அடைத்த நிலையில் அவருக்கு வேலை இல்லை. மின்கம்பியைச் சுவரைக் குடையாமல் வெளியே குழாயில் ஓட்டுவதும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரைமேல் ஒட்டாமல் பாய் விரிப்பதும், கழிப்பறையை முற்றத்தை மூடாமல் கொல்லையில் தள்ளிக் கட்டுவதும் இதே வழியில் வருபவை. முற்றத்துக்கு மேல் கான்கிரீட் போட்டு மூடுவது வராது. இந்த அளவுகோலை வைத்தால் ஊரில் வைராக்கியமாக இருக்கும் பங்காளியின் கான்கிரீட் தூண்கூட அவ்வளவு பாவமல்ல. அதைச் சுற்றி ஒரு வீடு இன்னும் கைமாற்றிக் கொடுக்கும் நிலையில் இருக்கிறது. சாப்பாட்டு மேஜையாகிவிட்ட கதவை யாரும் திரும்பக் கீலில் மாட்டப்போவதில்லை.

அந்தக் காலத்தில் போகிக்கு முன்னால் குடும்பமே சேர்ந்து செய்த வெள்ளையடிப்பு இந்த அளவுகோலில் முழு மதிப்பெண் வாங்கும். தாழை விழுதின் நுனியை நசுக்கி மட்டையாக்கி, நீற்றிய சுண்ணாம்பில் துளி நீலம் கலந்து அடித்தார்கள். வருஷத்தில் உதிர்ந்துவிடும், மறுவருஷம் அடிப்பார்கள். சுவருக்கு ஒரு கெடுதலும் இல்லை.

பழைய வீடு வைத்திருப்பவர்கள் வரும் போகிக்குப் பெயிண்ட் கடைக்குப் போகுமுன் கண்ணில் படாத மூலையில் ஆணியால் ஒரு கீறு கீறிப் பாருங்கள். மெத்தென்று வெள்ளைத் தூள் உதிர்ந்தால் அது பெரும்பாலும் சுண்ணாம்புச் சுவர். அதற்குப் பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம், பட்டி வேண்டாம், சுண்ணாம்பே போதும். கதவு ஜன்னலில் பல அடுக்குப் பழைய பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும்; உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துச் சுரண்டுங்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். நீற்றாத சுண்ணாம்பைத் தண்ணீரில் போடும்போது கொதித்துத் தெறிக்கும், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.